அடிப்பாகம் வேக நேரமாகும்

மேல் தட்டில் ரொட்டி சுடுகிற டின் இருந்தது. நான் ரொட்டி டின்னை மேல் தட்டில் வைப்பதே இல்லை. வாரத்துக்கு நாலு தடவை எடுக்கிற சாமானைக் கொண்டுபோய் உச்சியில் வைக்க எனக்கென்ன பைத்தியமா? ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். ரொட்டி டின்னுக்குப் பின்னால் வட்ட டின்கள் இரண்டு. அதற்கும் பின்னால் சுவர்தான். ராட்சச கப்கேக் அச்சைக் காணவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கப்கேக் ஒரு கைக்குள் அடங்கும். அதையே ஒரு சின்ன வாளி அளவுக்குச் செய்ய ஓர் அச்சு உண்டு. ஒரே அலுமினியத் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்று அடிப்பாகம், சுற்றிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும். இன்னொன்று மேல்பாகம், சுருண்டு சுருண்டு கூராக முடியும். தனித்தனியாக வேகவைத்து, வெட்டிச் சமமாக்கி, நடுவில் கிரீம் தடவி ஒன்றின்மேல் ஒன்றை உட்கார வைக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வயதுப் பிறந்தநாளுக்குத்தான் கேட்பார்கள். பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்தால் இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிய்க்கும், மூஞ்சியெல்லாம் பூசிக்கொள்ளும், சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். கேக் என்னவோ வீண்தான். நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள், எனக்கே அது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் என் வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணில் அரைக்கால் பவர் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். பொய் மட்டும் சொல்ல வராது.

"அந்தப் பெரிய அச்சு எங்க?"

"எந்த அச்சு?"

"கப்கேக் அச்சு."

"ஓ, அதுவா. கடையில ஒருத்தர் கேட்டாரு. குடுத்தேன்."

"யாரு?"

"புதுசா சேந்திருக்காரு. உனக்குத் தெரியாது."

"அவருக்கு எதுக்குங்க அது?"

"கேக் செய்யத்தான். ஏன், ஆம்பளைங்க கேக் செய்யக்கூடாதா?"

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். முன்பெல்லாம் என்றால் இந்த இடத்தில் வீடு இரண்டாகியிருக்கும். என் சாமானை என்னைக் கேட்காமல் தொட்டதற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று, ரொட்டி டின்னை இடம் மாற்றியதற்குத் தனியாக ஒன்று. நான் நின்று, உள்ளே ஏதாவது கிளம்புகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கிளம்பவில்லை. சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன்.

போன வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. நாள் நெருங்கி, பையெல்லாம் கட்டி வைத்தபிறகு கடைசி வாரத்தில் அசைவு நின்றுபோனது. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பதினேழாம் நாள் என் ஓரகத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் பெண்டாட்டி. இருவரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அலைந்தோம். அந்த அச்சையே ஐந்தாம் மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்த்தான் வாங்கினோம். ஒரே அச்சு, இரண்டு கேக், முதலில் உன் பிள்ளைக்கா என் பிள்ளைக்கா என்று கடையிலேயே சண்டை போட்டோம்.

நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு வயது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா, எனக்கு எண்ணத் தெரியாதா? என் பெண்ணின் நாள் பதினாறு நாளைக்கு முன்னால் வந்து போனது. அதையும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் ஒரு ஆபீஸ் விழாவுக்கு இரண்டு கிலோ சாக்லேட் கேக் செய்து கொடுத்தேன். நன்றாக வந்திருந்தது.

இந்த ஒரு வருஷமாக எல்லாரும் என் பக்கத்தில் பூனை நடை நடக்கிறார்கள். என்னை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. குடும்பத்துக்கென்று இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் இப்போதெல்லாம் காலை வணக்கமும் பூ படமும்தான் வருகிறது. இத்தனை பேர் இருக்கிற குடும்பத்தில் ஒருத்தருக்குமா சளி பிடிக்காது, ஒருத்தருமா வாயைவிட மாட்டார்கள்? என்னைத் தவிர எல்லாரும் இருக்கிற இன்னொரு குரூப் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. கொழுந்தன் வீட்டுக்கு நான் போனால் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் போனாலும் தூங்கும், சாயங்காலம் போனாலும் தூங்கும். அப்படி ஒரு தூங்குமூஞ்சிப் பிள்ளையை உலகத்தில் பார்த்திருக்க முடியாது. பின்னறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கும்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பையன் பிறந்த அன்று கொழுந்தன் போன் செய்தபோது, போட்டோ அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

மேஜைமேல் என் வீட்டுக்காரரின் போன் அடித்தது. அவர் குளிக்கப் போயிருந்தார். கொழுந்தன். எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தான்.

"அண்ணா, மோசம் போயிட்டோம். ஒரு பக்கம் பொங்கி வழிஞ்சு ஓவன் பூரா புகை. இன்னொரு பக்கம் குச்சி விட்டா கூழா வருது. ஒரு மணி நேரமாச்சு, இன்னும் கூழு. இவ உக்காந்து அழறா. அண்ணிகிட்ட வேற யாரோ கேக்குற மாதிரி எதாவது கேட்டு…"

"ஓவன்ல எந்தத் தட்டுல வச்சீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் எதுவோ தரையில் விழுந்து உருண்டது.

"தம்பி, உன்னைத்தான். எந்தத் தட்டு?"

"அண்ணி," என்றான்.

"அடுப்பை அணைச்சிட்டு ஜன்னலைத் திற. கேக்கைத் தொடாதீங்க. வரேன்."

வெண்ணெய் தடவுகிற பிரஷையும் நீளக் குச்சியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்து, "எங்க போற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"உங்க கடையில புதுசா சேந்தவர் வீட்டுக்கு," என்றேன்.

இரண்டு பஸ் ஸ்டாப் தூரம். நடந்தே போனேன். அவர் சட்டைப் பட்டனைப் போட்டபடி பின்னாலேயே வந்தார். வழியில் ஒரு தடவை, "நல்லதுக்குத்தான்மா பண்ணினோம்," என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. நான் நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். சிக்னலில் நின்றேன், பச்சை விழுந்ததும் போனேன்.

கொழுந்தன் கதவைத் திறந்தான். திறந்ததும் உள்பக்கம் திரும்பி, "அண்ணி வந்திருக்காங்க," என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். அடுப்படியிலிருந்து ஓரகத்தி எழுந்து ஓடும் சத்தமும் ஒரு குழந்தையின் குரலும் பின்னறைக் கதவு சாத்துவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது, நெற்றியில் மைதா. பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறாள். வாயைத் திறங்க, பெருசா திறங்க என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்கிறவள், என்னிடம் வாயைத் திறந்து ஒரு வருஷம் ஆகிறது.

"வாங்கக்கா. பிள்ளை தூங்குறான்," என்றாள்.

"தூங்கட்டும்."

அடுப்படியில் அச்சு கிடந்தது. நான் நினைத்தபடிதான். கூர்ப்பக்கம் எரிமலையாக வழிந்து, ஓரமெல்லாம் கரி. அடிப்பாகத்தில் மேலே பழுப்பாக ஏடு கட்டியிருந்தது. தட்டினால் தண்ணீராக ஆடியது. அந்த அச்சில் இதுதான் வினை. மேல்பாகம் ஆழமில்லாத குழி, சீக்கிரம் வெந்துவிடும். அடிப்பாகம் ஆழம், அது வேக நேரமாகும். இரண்டையும் ஒன்றாக நிரப்பி ஒன்றாக வைத்தால் ஒன்று கருகும்வரை மற்றது பச்சையாக இருக்கும். தெரியாமல் கை வைக்கிற எல்லாரும் செய்கிற தப்பு. ஆனால் தெரிந்தவள் இரண்டு ஸ்டாப் தள்ளி இருக்கும்போது யாரும் செய்ய மாட்டார்கள்.

"கழுத்து வரைக்கும் ஊத்தினியா?"

"ஆமாக்கா."

"ரெண்டுலயும்?"

"ஆமா."

"ஒரே நேரத்துல உள்ள வச்ச."

"வீடியோல அப்படித்தான் காட்டினாங்க."

"வீடியோவைக் கேப்ப. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உன் வாயிலேர்ந்து முத்தா கொட்டிடும்?"

வாசலில் அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"கடையில வாங்கியிருக்கலாம்ல?" என்றேன்.

"வாங்கிடலாம்னுதான் இவர் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

அவள் கரண்டியைத் தொட்டிக்குள் போட்டாள். போட்ட வேகத்தில் சத்தம் பெரிதாக வந்தது.

"ஏன்னா கேக்குறீங்க? அந்த அச்சை நானும் சேந்துதானே வாங்கினேன். அதுல செய்யிறதா உங்ககிட்ட சொன்னேன், நீங்க என்கிட்ட சொன்னீங்க. எப்படிக்கா கேக்கச் சொல்றீங்க? போட்டோ அனுப்பாதீங்கன்னு சொன்னது நீங்க. அன்னிலேர்ந்து எல்லாரும் எனக்குச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அக்கா மனசு கஷ்டப்படும். அக்கா முன்னாடி பேசாத, அக்கா முன்னாடி தூக்காத. எனக்கு அம்மா இல்லன்னு உங்களுக்குத் தெரியும். பால் கட்டிக்கிட்டு நாலு நாள் ஜுரத்துல கிடந்தேன், யாரைக் கேப்பேன்? அவன் முதல்ல உக்காந்தப்ப உங்களுக்குத்தான் போன் எடுத்தேன், எடுத்துட்டு வச்சிட்டேன். ஒரு வருஷமா நான் பெத்த பிள்ளையைத் திருடிட்டு வந்தவ மாதிரி ஒளிச்சு ஒளிச்சு வளக்குறேன்."

"விடும்மா, அவளே…" என்று வாசலிலிருந்து ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றேன். போனார்கள்.

ஒரு வருஷத்தில் என்னை ஒருத்தி திட்டியது அதுதான் முதல் தடவை. அதில் ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள், எனக்கு அழுகை வரவில்லை. கருகிய ஓரத்தைக் கத்தியால் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே சொன்னேன்.

"நீங்க எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்ல. உன் பிள்ளையைப் பாத்தா அழுதுடுவேன்னு எனக்குப் பயமில்ல."

"பின்ன என்ன?"

"தூக்கினா ஒண்ணுமே தோணாதோன்னு பயம். என் பொண்ணு பிறந்த அன்னைக்கு நர்ஸ் வந்து கேட்டாங்க, துணியில சுத்தி வச்சிருக்கோம், தூக்கிப் பாக்குறீங்களான்னு. வேண்டாம்னுட்டேன். அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் வேண்டாம்னேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தோணுறதில்ல. கேக் நல்லா வந்தாலும் தோணல, பஸ் இடிக்க வந்தாலும் தோணல. உன் பிள்ளையைத் தூக்கியும் தோணலன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. நர்ஸ் கேட்டபோது அவர் வெளியே யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானேன். அவள் பின்னறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் பையன் இருந்தான். நேராக வந்து என் இடுப்பில் உட்கார வைத்து, என் கையை எடுத்து அவன் முதுகில் வைத்தாள்.

"பிடிங்க. கீழ விட்டா எண்ணெய் பாட்டிலைத் திறப்பான்."

கனமாக இருந்தான். நல்ல கனம். வாயைச் சுற்றி எச்சில், சட்டை நெஞ்சுவரை ஈரம். என் மூக்கைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தான், கழன்று வரவில்லை, விட்டுவிட்டான். நான் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும், இரண்டு நிமிஷம் இருக்கும்.

"ஒண்ணும் தோணல," என்றேன்.

"சரி, பரவாயில்ல. எத்தனை முட்டை?"

அவளைப் பார்த்தேன். கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிஜமாகவே முட்டைக்காக நின்றாள்.

"இப்போதைக்கு நாலு," என்றேன். "அடிப்பாகத்துக்கு மட்டும். மேல்பாகத்துக்கு அப்புறமாத் தனியாக் கலக்கணும். இப்பவே கலக்கி வச்சா பேக்கிங் பவுடர் செத்துடும்."

அச்சை அவள் கழுவினாள். நான் ஒரு கையில் பையனும் மறு கையில் அதட்டலுமாக நின்றேன். வெண்ணெயை உருக்கு. கட்டியாத் தடவாத, பிரஷைத் தொட்டு ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் விடு. கூர் நுனியில ரெண்டு தரம் தடவு, அங்கதான் ஒட்டிக்கிட்டு மூக்கறுந்து வரும். மைதா தூவித் தட்டு. அப்படி இல்ல, உன் பேஷன்ட் கன்னத்துல தட்டுற மாதிரி தட்டாத, கவுத்துத் தட்டு. அவள் ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்தாள். நீங்க சொல்ற வேகத்துக்கு எனக்கு நாலு கை வேணும் என்றாள். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடிக்கச் சொன்னேன், வெளுத்தாச்சு என்றாள், என் தலைதான் வெளுத்தது என்றேன். வாசலில் மறுபடி இரண்டு தலை தெரிந்தது. தம்பியின் கண் என் இடுப்பில் இருந்த பையன்மேல் இருந்தது. எதுவோ சொல்ல வந்தான்.

"போட்டோ கீட்டோ எடுத்த, தோலை உரிச்சிடுவேன்," என்றேன்.

தலை மறைந்தது.

அடிப்பாகத்தில் முக்கால் அளவு ஊற்றி, நடுத்தட்டில், நூற்றி அறுபது டிகிரியில் வைக்கச் சொன்னேன். மேல்குழி காலி. இருபத்தைந்து நிமிஷம் கழித்து புதிதாகக் கலக்கியதை மேல்குழியில் ஊற்றி மறுபடி உள்ளே தள்ளினாள். இனி இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். இன்னும் முப்பது நிமிஷம் என்று டைமரைத் திருகினாள். ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அவனுக்கு முதல் பல் வந்ததைச் சொன்னாள். கிளினிக்கில் எல்லாரிடமும் காட்டினாளாம். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தாராம். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாளாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பையன் முதலில் என் வளையலைக் கடித்தான். பிறகு தோளில் தலையை வைத்தான், எடுத்தான், வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு தளர்ந்து கனம் கூடியது. கழுத்துக்குழியில் மூச்சு சூடாக விழுந்தது, விட்டு விட்டு விழுந்தது. நிஜமாகவே தூங்கிவிட்டான். அடுப்படியில் வெண்ணெய் வாசனை வர ஆரம்பித்தது.

டைமர் அடித்தது. ஓரகத்தி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்கக்கா, படுக்க வைக்கிறேன். நீங்க போய்க் குச்சி விட்டுப் பாருங்க."

"நீயே பாரு."

"எனக்கு என்ன தெரியும்? மறுபடி கூழா இருந்தா?"

"ரெண்டு குழியிலயும் நடுவுல விடு. ஈரம் ஒட்டாம வந்தா எடு. ஒட்டினா இன்னும் அஞ்சு நிமிஷம் விடு."

"கை வலிக்கும்க்கா. எவ்ளோ நேரமா வச்சிருக்கீங்க. குடுங்க."

வலிக்கத்தான் செய்தது. தோளிலிருந்து விரல் வரைக்கும் வலித்தது. அவள் கை அவன் முதுகில் பட்டதும் என் உடம்பு தானாகப் பின்னால் போனது. ஸ்டூல் சுவரில் இடித்தது. ஒரு வருஷமாக யார் வந்து என்ன வேணும் என்று கேட்டாலும் எனக்கு ஒன்றும் வேண்டியிருந்ததில்லை. இப்போது இவன் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்துக்காவது வேண்டும். அன்றைக்கு அந்த நர்ஸ் மூன்றாம் தடவையும் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன், நினைத்ததும் அவனை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன்," என்றேன்.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு, ஓவன் கதவைச் சத்தம் வராமல் திறந்தாள்.